கலயத்தில் ஒரு விரல் சுண்ணாம்பு

அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து ஓர் இளைஞர் சில நாள் முன்பு என் அலுவலகத்துக்கு வந்தார். பட்டம் படித்தவர், அப்பாவின் மூன்று ஏக்கர் நஞ்சையை இப்போது அவர்தான் பார்த்துக்கொள்கிறார். கையில் ஒரு புகைப்படம். அயல்நாட்டில் வேலை பார்க்கும் அவருடைய மச்சானின் வீட்டுக் கொல்லை. அதில் கயிறு பிடித்து மேலே ஏறிய ஒரு கொடி, பச்சைப் பச்சையாய்க் கூம்பு கட்டித் தொங்குகிறது.

"சார், இது பேரு ஹாப்ஸாம். இதைப் போட்டு மச்சான் வீட்லயே பீர் காய்ச்சுதாரு. நம்ம தாமிரபரணித் தண்ணிக்கு வெத்தலைக் கொடி வருது, மலையோரத்துல மிளகுக் கொடி வருது. இது மட்டும் வராதா?" என்று கேட்டார்.

கேள்வி வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் ஒரு விவசாயி புதுப் பயிரைப் பற்றிக் கேட்டால் சிரித்து அனுப்பக் கூடாது. அவருக்கு இரண்டு பதில் சொன்னேன். ஒன்று, இந்தக் கொடிக்கு நம் ஊர் ஒத்துவராது. இரண்டு, வீட்டில் பீர் காய்ச்சுவது தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். அவர் முகம் வாடிப் போயிற்று. "தம்பி, உட்காருங்க. இதைவிடப் பெரிய கதை உங்க மாவட்டத்துலயே இருக்கு" என்று சொல்லி ஆரம்பித்தேன். அந்தக் கதையைத்தான் இன்று உங்களுக்கும் சொல்கிறேன்.

வெளியூர்க் கொடி

முதலில் ஹாப்ஸ் கொடியைப் பார்ப்போம். இது கஞ்சாச் செடியின் குடும்பத்தைச் சேர்ந்த பல்லாண்டுக் கொடி. குளிர்காலத்தில் மேற்பகுதி காய்ந்து, கிழங்கு மண்ணுக்குள் உறங்கும். வசந்தத்தில் மறுபடி துளிர்த்து, ஒரே பருவத்தில் 15 முதல் 25 அடி உயரம் ஏறிவிடும். பெண் கொடியின் பூக்கூம்புக்குள் மஞ்சள் தூள் போல ஒரு பிசின் இருக்கும். பீரின் கசப்பும் மணமும் அதிலிருந்துதான் வருகின்றன.

நம் ஊரில் ஏன் வராது? இந்தக் கொடி நன்றாக ஓங்கி வளர்ந்து பூக்க நீண்ட பகல் வேண்டும். ஐரோப்பாவில் கோடைப் பகல் 15, 16 மணி நேரம் நீளும். திருநெல்வேலியோ நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 9 பாகையில் இருக்கிறது. இங்கே வருஷத்தின் மிக நீண்ட பகலே பன்னிரண்டரை மணி நேரத்தைச் சற்றுத்தான் தாண்டும். பகல் குறைந்தால் கொடி வளருமுன்பே பூத்து, குட்டையாய் நின்றுவிடும். அது உறங்குவதற்கு ஏற்ற குளிரும் நம்மிடம் இல்லை. பிரேசில் போன்ற வெப்ப நாடுகளில் ராத்திரி விளக்கு எரிய வைத்து வளர்த்துப் பார்க்கிறார்கள். இந்தியாவில் இமாச்சலப் பிரதேசத்தின் லாஹௌல் பள்ளத்தாக்கில், பனி விழும் மலைநாட்டில், விவசாயிகள் இதைப் பயிர் செய்திருக்கிறார்கள். நம் வயலுக்கு இது ஏற்ற பயிரல்ல.

ஆனால் இந்தக் கொடியைப் பீரில் ஏன் போட்டார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். பழைய காலத்தில் ஐரோப்பாவில் வாற்கோதுமை முளையை ஊறவைத்துக் காய்ச்சிய பானம் சீக்கிரம் புளித்துக் கெட்டது. ஹாப்ஸ் சேர்த்துக் கொதிக்க வைத்தால் கெடாமல் நிற்பதைக் கண்டார்கள். ஜெர்மனியில் 12-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஹில்டகார்ட் என்ற துறவியம்மையார், இதன் கசப்பு பானத்தைக் கெடாமல் காக்கிறது என்று எழுதி வைத்தார். 1516-ல் பவேரியாவில் பீருக்கு வாற்கோதுமை, ஹாப்ஸ், தண்ணீர் மூன்றுதான் சேர்க்கலாம் என்று சட்டமே வந்தது. பிற்பாடு இங்கிலாந்திலிருந்து மாதக்கணக்கில் கப்பலேறி இந்தியாவுக்கு வந்த பீருக்கு ஹாப்ஸைக் கூடுதலாகப் போட்டு அனுப்பினார்கள்.

விஞ்ஞானம் இதற்கு விளக்கம் சொல்கிறது. ஹாப்ஸின் கசப்பு அமிலங்கள், பானத்தைப் புளிக்க வைக்கும் பாக்டீரியாக்களை அடக்கும். சர்க்கரையைச் சாராயமாக்கும் ஈஸ்டைத் தடுக்காது. ஆகவே அது மதுவைக் காக்கும் பொருள். இதை மனதில் வைத்துக்கொண்டு நம் தேரிக்காட்டுக்கு வாருங்கள்.

நம் வீட்டுப் பானம்

தாமிரபரணி பொதிகையில் பிறந்து, பாபநாசம், அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, திருநெல்வேலி, ஸ்ரீவைகுண்டம் என்று நெல்லும் வாழையும் வெற்றிலையுமாக வளம் செய்துகொண்டே புன்னைக்காயலில் கடலைச் சேர்கிறது. ஆற்றுக்குத் தெற்கே சாத்தான்குளம், உடன்குடி, திசையன்விளைப் பக்கம் போனால் நிலமே மாறிவிடும். செக்கச் செவேலென்ற தேரி மணல். வாய்க்கால் எட்டாத பூமி. அந்த மணலில் யாரும் தண்ணீர் ஊற்றாமல் நின்று ஒரு ஊரையே காப்பாற்றிய மரம் பனை.

தை, மாசியில் பாளை விடத் தொடங்கும். ஆண் மரமான அலகுப்பனையிலும் இறக்கலாம், பெண் மரமான பருவப்பனையிலும் இறக்கலாம். பனையேறி பாளையைக் கடிப்பால் இதமாக நசுக்கி, நுனியை மெல்லியதாகச் சீவி, கலயத்தைக் கட்டுவார். சீவிய வாயிலிருந்து சொட்டுச் சொட்டாகச் சாறு இறங்கும். ஆடி வரை இந்த வேலை ஓயாது. நாளொன்றுக்கு 30, 40 மரம். காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு மரம் 40, 50 அடி என்றால், அந்த மனிதர் ஒரு நாளில் ஒரு சிறு மலையையே ஏறி இறங்குகிறார்.

இறங்கும் சாறு ஒன்றே. அதில் நூற்றுக்கு 10 முதல் 13 பங்கு வரை சர்க்கரை. ஆனால் அது என்னவாக மாறும் என்பதைக் கலயம்தான் தீர்மானிக்கிறது.

வெறும் கலயம் கட்டினால், காற்றிலும் பாளையிலும் கலயத்திலும் இருக்கும் ஈஸ்ட் உடனே வேலை தொடங்கும். ராத்திரி சொட்டியது விடியுமுன்பே நுரைத்துக் கள்ளாகிவிடும். அப்படியே விட்டால் புளித்துக் காடியாகும். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பைத் தடவிக் கட்டினால் சாறு காரத்தன்மை அடையும். ஈஸ்டும் பாக்டீரியாவும் அதில் பெருக முடியாது. விடிந்து இறக்கும்போது தித்திப்பாகவே இருக்கும். அதுதான் பதநீர், நம் ஊர்ப் பேச்சில் பதனி.

பார்த்தீர்களா வித்தியாசத்தை? அங்கே கசப்புக் கொடி மதுவைக் கெடாமல் காத்தது. இங்கே சுண்ணாம்பு, தித்திப்பை மதுவாகாமல் காத்தது. இரண்டுமே பானத்தை நிறுத்தி வைக்க மனிதன் கண்ட வழிதான். ஆனால் போய்ச் சேர்ந்த இடம் வேறு வேறு. அவர்களுக்குப் பீர் தொழிலாயிற்று. நமக்குக் கருப்பட்டி தொழிலாயிற்று.

கருப்பட்டியின் காலம்

தமிழனுக்குக் கள் தெரியாது என்று நான் சொல்லவில்லை. சங்கப் பாடல்களில் கள் நிறையவே வருகிறது; புலவருக்கு அரசர் கள் கொடுத்து உபசரித்திருக்கிறார்கள். வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கு என்று 93-ஆம் அதிகாரத்தையே ஒதுக்கினார் என்றால், அதை உண்டவர் அவர் காலத்தில் இருந்தார்கள் என்றுதானே பொருள்? ஆனால் திருநெல்வேலித் தேரியில் இறங்கிய சாற்றில் பெரும்பங்கு கள்ளாகவில்லை. குடிக்கப் பதனியாகவும், மீதி காய்ச்சிக் கருப்பட்டியாகவும் போயிற்று.

1841-ல் இடையன்குடிக்கு வந்து சேர்ந்த கால்டுவெல், 1849-ல் பனைத் தொழிலாளரைப் பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். அந்த மக்களைத் தாழ்த்திப் பேசிய பகுதிகளுக்காக அதைச் சமூகத்தார் கடுமையாக எதிர்த்தார்கள். பின்னாளில் அது விலக்கிக்கொள்ளப்பட்டது. எதிர்த்தது நியாயம்தான். மரமேறும் ஆளைப் பற்றி எழுத, மரத்தின் கீழே நின்று பார்த்தால் மட்டும் போதாது. 1850-ல் கொழும்பில் வில்லியம் பெர்குசன் பனையைப் பற்றித் தனி நூலே எழுதினார். பனையின் 801 பயன்களைப் பாடும் 'தால விலாசம்' என்ற தமிழ் நூலை உலகம் அறிந்தது இப்படிப்பட்ட எழுத்துகளால்தான்.

கருப்பட்டி காய்ச்சுவது பெண்களின் கலை. விளைக்கு நடுவே ஓலை வேய்ந்த விடிலி. பதனியைத் தெளியவைத்து வடிகட்டி, அகன்ற பாத்திரத்தில் ஊற்றி, மட்டையும் சருகும் எரித்துக் காய்ச்சுவார்கள். பொங்கி வழியும்போது தட்டிய ஆமணக்கு முத்தைப் போட்டால் நுரை அடங்கும். பதம் வந்ததும் துடுப்பால் கிண்டி, சிரட்டையில் ஊற்றினால் கருப்பட்டி. ஒரு கிலோ கருப்பட்டிக்கு ஏறக்குறைய 8 முதல் 10 லிட்டர் பதனி வேண்டும்.

இங்கேயும் சுண்ணாம்புதான் எஜமான். குறைந்தால் பதனி லேசாகப் புளிக்கும். புளித்தால் அதிலுள்ள சர்க்கரை உடைந்து வேறு இனச் சர்க்கரைகளாகும். அவை ஈரத்தை இழுப்பவை. கருப்பட்டி கட்டாமல் பிசுபிசுக்கும். சுண்ணாம்பு மிஞ்சினால் நிறம் கறுத்து, சுவையும் கெடும். அளவுக் கருவி எதுவும் இல்லாமல், விரல் நுனியாலேயே இந்த ரசாயனத்தை நடத்தினார்கள் நம் தாத்தாக்களும் பாட்டிகளும். நான் கல்லூரியில் காரத்தன்மை அளக்கக் கற்றுக்கொண்டவன். அவர்கள் நாக்கில் ஒரு சொட்டு விட்டே சொல்லிவிடுவார்கள்.

இந்தச் சாறு பெரிய ஆலைகளையும் இழுத்து வந்தது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குலசேகரன்பட்டினத்தில் பனைப் பொருளை நம்பிப் பாரி கம்பெனியின் சர்க்கரை ஆலை நடந்தது. அதற்கென்றே திருச்செந்தூருக்கும் திசையன்விளைக்கும் இடையே சின்ன ரயில் ஓடியது. இரண்டடி அகலத் தண்டவாளம், 27 மைல் தூரம். 1940-ல் அந்த ரயில் நின்று போயிற்று. இன்று தேரியில் நின்று, "இங்கே ஒரு காலத்தில் ரயில் ஓடிச்சு" என்று சொன்னால் பிள்ளைகள் நம்பமாட்டார்கள்.

சட்டத்தின் கண்

இனி கதையின் மறுபக்கம். 1886-ல் வந்த சென்னை அப்காரிச் சட்டம் கள் இறக்குவதை அரசின் வரிக்கும் அனுமதிக்கும் கீழே கொண்டுவந்தது. அதுவரை பனையேறியின் கைப்பக்குவமாக இருந்த சுண்ணாம்பு, அப்போதிருந்து சட்டத்தின் அடையாளமும் ஆயிற்று. சுண்ணாம்பு பூசிய கலயம் என்றால் பதனி. பூசாதது என்றால் கள்.

1937 அக்டோபர் முதல் தேதி ராஜாஜி அமைச்சரவை சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கியது. 1948 அக்டோபர் 2, காந்தியடிகள் பிறந்த நாளில், அது மாகாணம் முழுவதும் பரவியது. கள்ளை நம்பியிருந்த தொழிலாளருக்கு மாற்று வேண்டும் அல்லவா? பனைவெல்லக் கூட்டுறவுச் சங்கங்கள் வந்தன. கள் இறக்கிய கை சுண்ணாம்பு தடவக் கற்றது. தேரிக்காரர்களுக்கு அது புதிதல்ல. அவர்களிடமிருந்துதான் மற்றவர்கள் கற்க வேண்டியிருந்தது.

1971-ல் மதுவிலக்கு தளர்த்தப்பட்டது. 1973-ல் கள்ளுக்கடைகளும், 1974-ல் சாராயக் கடைகளும் மறுபடி மூடப்பட்டன. 1981-ல் திரும்பத் திறந்தார்கள். 1987 ஜனவரி முதல் தேதியிலிருந்து கள்ளுக்கும் சாராயத்துக்கும் தடை வந்தது. கள் தடை இன்றுவரை நீடிக்கிறது. பக்கத்தில் கேரளத்தில் கள்ளுக்கடை உண்டு. யாழ்ப்பாணத்தில் கூட்டுறவுச் சங்கங்கள் வழியாகப் பனங்கள் விற்கிறார்கள். இங்கே கடையில் பீர் கிடைக்கிறது, கள் கிடையாது. இது என்ன நியாயம் என்று விவசாயிகள் கேட்கிறார்கள். குடியால் அழிந்த குடும்பங்களைப் பார்த்தவர்கள் வேண்டவே வேண்டாம் என்கிறார்கள். அந்த வழக்குக்கு நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. அந்த வழக்கின் நடுவே மாட்டிக்கொண்ட மனிதரைப் பற்றி மட்டும் சொல்லுகிறேன்.

பனையேறி சொன்னது

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், தேரியோரக் கிராமம் ஒன்றில் வயதான பனையேறி ஒருவரைச் சந்தித்தேன். நெஞ்சு முழுக்க மரம் உரசிக் காய்ப்புக் காய்த்திருந்தது. ஓலைப் பட்டையில் எனக்குப் பதனி ஊற்றினார். ஒரு வாய் குடித்தேன், நாக்கு சுருக்கென்றது. சுண்ணாம்பு அதிகம். படித்த திமிரில் நான் சும்மா இருக்கவில்லை. "என்ன பெரியவரே, சுண்ணாம்பைக் கொஞ்சம் குறைக்கக் கூடாதா?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை. கலயத்தைக் கவிழ்த்து வைத்துக்கொண்டே சொன்னார்: "குறைக்கலாம் சார். கூடினா குடிக்கவன் நாக்கு வெந்துரும். குறைஞ்சா என் கலயம் ஒடைஞ்சுரும். நாக்கு நாலு நாள்ல ஆறிரும், கலயத்துக்கு நான் எங்க போவேன்?"

அப்புறம்தான் விவரம் சொன்னார். ஒரு வருஷம் மாசி மாதம், மேகமூட்டமான ஒரு காலையில், அவர் பதனி சற்று நுரைத்திருந்தது. சோதனைக்கு வந்தவர்கள் மோந்து பார்த்துவிட்டுக் கள் என்றார்கள். "சுண்ணாம்பு போட்டிருக்கேன் ஐயா" என்று அவர் சொன்னது எடுபடவில்லை. அத்தனை கலயத்தையும் உடைத்துவிட்டுப் போனார்கள். அன்றைக்கு விடிலியில் அடுப்பு எரியவில்லை. அதிலிருந்து அவர் ஒரு விரல் தடவ வேண்டிய இடத்தில் இரண்டு விரல் தடவுகிறார். அவர் நாக்குக்குச் சரியான அளவு தெரியாமலில்லை. பயம் அளவைக் கூட்டிவிட்டது.

அன்றைக்கு எனக்கு ஒன்று புரிந்தது. நான் கொடுக்கப் போன தொழில்நுட்ப ஆலோசனை அவருக்கு ஏற்கெனவே தெரியும். அவருக்கு வேண்டியிருந்தது ஆலோசனையல்ல, அச்சமில்லாமல் தொழில் செய்யும் மரியாதை. இந்தப் பாடத்தை எந்தப் புத்தகமும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

அவருடைய மகன் மரம் ஏறவில்லை. படித்து வெளியூரில் வேலைக்குப் போய்விட்டார். அதைக் குறை சொல்ல நமக்கு என்ன உரிமை? விழுந்தால் இடுப்பொடியும் தொழில். பருவம் முடிந்தால் கையில் காசில்லாத தொழில். பிள்ளை அதிலிருந்து மீண்டது பெற்றவருக்குப் பெருமைதான். ஆனால் ஏற ஆளில்லாத மரம் செங்கல் சூளைக்குப் போகிறது. ஐம்பது, அறுபது வருஷம் நின்ற மரம் ஒரு நாளில் விறகாகிவிடுகிறது. போதாக்குறைக்குச் சீனிப்பாகைக் கலந்து கருப்பட்டி என்று விற்பவர்கள், நேர்மையாகக் காய்ச்சுகிறவரின் விலையைக் கெடுக்கிறார்கள்.

நாம் செய்யக்கூடியது

1978-ல் பனையை மாநில மரமாக அறிவித்தார்கள். 2021-ல் வந்த முதல் வேளாண் நிதிநிலை அறிக்கையில் 76 லட்சம் பனை விதைகள் வழங்கும் திட்டம் சொல்லப்பட்டது. பனையை வெட்ட வேண்டுமானால் மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்றும் அறிவிக்கப்பட்டது. இவை நல்ல காரியங்கள். ஆனால் நட்டவன் கையில் பலன் சேர 12, 15 வருஷம், சில இடங்களில் அதற்கு மேலும் ஆகும். "தென்னை வச்சவன் தின்னுட்டுச் சாவான், பனை வச்சவன் பார்த்துட்டுச் சாவான்" என்று சும்மாவா சொன்னார்கள்?

ஆகவே வைக்கிறவர்கள் பேரப்பிள்ளைகளை நினைத்து வையுங்கள். ஆவணி, புரட்டாசியில் பழம் விழும். கொட்டையை எடுத்து, வரப்பிலோ குளக்கரையிலோ வேலியோரத்திலோ, பத்தடிக்கு ஒன்றாக நிரந்தர இடத்திலேயே புதையுங்கள். முளை முதலில் ஆழமாக மண்ணுக்குள் இறங்கும் பயிர் இது. பிடுங்கி நட்டால் பெரும்பாலும் பிழைக்காது. ஆண் மரமா பெண் மரமா என்பது பூத்த பிறகுதான் தெரியும். எதுவானாலும் பதனி உண்டு.

பதனி இறக்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒவ்வொரு முறையும் கலயத்தைக் கழுவிக் காயவைத்துப் புதிதாகச் சுண்ணாம்பு தடவுங்கள். பழைய கலயத்தில் ஒட்டிய புளிப்பு, எத்தனை சுண்ணாம்பு போட்டாலும் தொல்லை தரும். இறக்கியதைச் சற்று நேரம் அசையாமல் வைத்தால் மிஞ்சிய சுண்ணாம்பு அடியில் தங்கும். தெளிவை இறுத்து வடிகட்டிக் கொடுங்கள். குடிக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பனையோரம் நின்று ஒரு பட்டைப் பதனி குடிக்கும்போது விலை பேரம் பேசாதீர்கள். ஏறி இறங்கிய உயரத்தை ஒரு தடவை அண்ணாந்து பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.

அம்பாசமுத்திரத்து இளைஞர் கதை முழுவதையும் கேட்டுவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "எங்க வயக்காட்டு மேட்டுல நாலு பனை நிக்கு சார். ஏற ஆளில்லன்னு அப்பா வெட்டணும்னு சொல்லிக்கிட்டிருக்காரு" என்றார். புகைப்படத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே எழுந்தவர், வாசற்படியில் நின்று திரும்பிக் கேட்டார்: "ஏறுறவங்க யாராவது இருந்தா சொல்லுதீங்களா?"

விசாரித்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் ஊரில் பனையேறத் தெரிந்தவர் இன்னும் இருந்தால், அவரிடம் நீங்களும் கேட்டுப் பாருங்கள். கேட்கும்போது, கலயத்தில் எத்தனை விரல் சுண்ணாம்பு என்பதையும் கற்றுக்கொண்டு வாருங்கள். அந்த அளவை எந்தப் புத்தகத்திலும் சரியாக எழுதி வைக்க முடியாது. அது அவர் விரல் நுனியில் இருக்கிறது.